ஹூட் பேனல்ல வாஷ் பட்டன் எதுக்கு, சுவத்துல சிவப்புக் கைப்பிடி எதுக்கு

புதுசா ஒரு பெரிய கிச்சன்ல சேர்ந்தா ஃபிரையரை எப்படிப் போடணும், கிரில்லை எப்படித் தேய்க்கணும்னு எல்லாம் மொத நாளே சொல்லிக்கொடுத்துடுவாங்க. தலைக்கு மேல தொங்கற ஸ்டீல் ஹூட்டைப் பத்தி மட்டும் ஃபேன் இங்க, லைட் இங்கன்னு ரெண்டு வார்த்தை, அவ்ளோதான். பேனல்ல மிச்சம் இருக்கற வாஷ் பட்டன், ரீசெட், சின்னச் சின்ன விளக்குங்க, கொஞ்சம் தள்ளி வெளிய போற வழியில சிவப்பா ஒரு இழுக்கற கைப்பிடி, இதெல்லாம் எதுக்குன்னு தெரியாமயே வருஷக்கணக்கா அதுக்கு அடியில நின்னு வேலை பார்க்கறவங்க நிறைய பேர். தெரியாம இருந்தா ஒருநாள் தீ பிடிச்ச அந்த அரை நிமிஷத்துல கை எங்க போகணும்னு தெரியாது, அதனால ஒண்ணுமே தெரியாதவங்களுக்குப் புரியற மாதிரி அடியில இருந்து சொல்றேன்.

மொதல்ல ஹூட் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். எண்ணெய் சூடானா அதுல ஒரு பங்கு ஆவியா, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடித் துளியா மேல கிளம்பும். ஃபேன் அதை உறிஞ்சும். வழியில சாய்வா நிக்கற பேஃபிள் ஃபில்டர் இருக்கு பாருங்க, மடிச்சு மடிச்சு வச்ச தகடு மாதிரி, அதுக்குள்ள காத்து சட்டுனு வளைஞ்சு வளைஞ்சுதான் போகமுடியும். காத்து வளைஞ்சுடும், எண்ணெய்த் துளிக்கு எடை இருக்கறதால அது வளைய முடியாம நேரா போய் தகடுல மோதி ஒட்டிக்கும், அப்புறம் வழிஞ்சு கீழ இருக்கற வாய்க்காலுக்கும் அங்கிருந்து கிரீஸ் கப்புக்கும் வந்து சேரும். ஃபில்டரைப் படுக்கப் போடாம 45 டிகிரிக்குக் குறையாத சாய்வுல நிறுத்தறது இதுக்காகத்தான், சாய்வு இருந்தாதான் வழியும், இல்லன்னா சொட்டு சொட்டா அடுப்பு மேலயே விழும்.

ஆனா எல்லாத்தையும் ஃபில்டர் பிடிச்சுடாது. தப்பிச்சுப் போறது ஃபில்டருக்குப் பின்னாடி இருக்கற அறையிலயும் அதுக்கு மேல புகையை வெளிய கொண்டுபோற டக்ட்ங்கற தகடுக் குழாய்லயும் கடைசியா மொட்டைமாடியில இருக்கற ஃபேன் இறக்கையிலயும் போய்ப் படியும். மொதல்ல மஞ்சளா தேன் மாதிரி இருக்கும், சூடு பட்டுப் பட்டு கொஞ்ச நாள்ல கறுத்து இறுகிப்போகும். இந்தப் பிசுக்கு தான் இந்தக் கட்டுரையோட மொத்த விஷயமே. அது அழுக்கு இல்ல, எரிபொருள். அடுப்புல இருந்து ஒரு தீநாக்கு மேல எட்டிப் பிடிச்சுதுன்னா, டக்ட் முழுக்க எண்ணெய் தடவின திரி மாதிரி, ஃபேன் வேற காத்தை இழுத்துக் கொடுக்கும், கிச்சன்ல இருக்கறவங்க கண்ணுக்கே படாம தீ கூரைக்குப் போய்டும்.

இப்போ தானே கழுவிக்கற ஹூட். இதுல ஃபில்டருக்குப் பின்னாடி அறைக்குள்ள நீளமா ஒரு குழாய் ஓடும், அதுல வரிசையா நாசில், அதாவது தண்ணி பீய்ச்சற சின்ன வாய். வேலை முடிஞ்சு ஃபேனை நிறுத்தினதும் சுடுதண்ணியும் டிடர்ஜென்ட்டும் கலந்து அந்த நாசில் வழியா உள்சுவர் மேல பீய்ச்சி அடிக்கும், சில நிமிஷம் கழுவும், கரைஞ்ச கிரீஸோட தண்ணி டிரெயின் வழியா இறங்கிடும். பெரும்பாலான மாடல்ல ஃபேன் ஆஃப் பட்டனை அமுக்கினாலே வாஷ் தானா ஆரம்பிச்சுடும், சிலதுல தனி வாஷ் பட்டன் இருக்கும், இன்னும் சிலதுல டைமர் வச்சு ராத்திரி ஒரு நேரத்துல தானே ஓடும். உங்க பேனல் இதுல எந்த வகைன்னு தெரிஞ்சுக்கறது மொத வேலை, ஏன்னா வாஷ் தானா ஓடற மாடல்ல ஹூட்டோட கதவு திறந்து வச்சிருக்கும்போது யாராவது ஃபேனை ஆஃப் பண்ணிட்டா சோப்புத் தண்ணி நேரா ஃபிரையர்ல வந்து விழும். எண்ணெய் இன்னும் சூடா இருந்தா என்ன ஆகும்னு கீழ சொல்றேன். அதனால வாஷுக்கு முன்னாடி அடுப்பு எல்லாம் ஆஃப் ஆகி ஆறியிருக்கணும், ஃபிரையர் மேல மூடி இருக்கணும், ஹூட்டோட கதவு எல்லாம் சாத்தியிருக்கணும். இந்த மூணுல எது விட்டுப்போனாலும் பட்டன் பக்கம் போகாதீங்க.

இங்க ஒரு சின்ன குழப்பம் நிறைய பேருக்கு வரும். ஃபேனை ஆஃப் பண்றோம், ரெண்டு நிமிஷத்துல அது தானா மறுபடி ஓடுது, பேனல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடறாங்க. கெட்டுப்போகல. ஹூட்ல ஒரு வெப்ப சென்சார் இருக்கு, கீழ இன்னும் சூடு இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சா ஃபேனை அதுவே போட்டுடும். ஆறட்டும், அப்புறம் ஆஃப் பண்ணுங்க, நின்னுடும். சில பேர் பொறுமை இல்லாம மெயின் பிரேக்கரையே இறக்கிட்டுப் போவாங்க, அதை மட்டும் பண்ணாதீங்க, அந்த பிரேக்கர்ல வேற எதெல்லாம் இணைஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

வாஷ் நல்லா நடந்துதான்னு எப்படித் தெரியும்? பேனல்ல பச்சை விளக்கு எரிஞ்சா போதாது, அது தண்ணி வால்வு திறந்துச்சுங்கறதை மட்டும்தான் சொல்லும். நான் வேலை பார்த்த ஒரு கிச்சன்ல தினமும் ராத்திரி வாஷ் சத்தம் கேட்கும், எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போவோம். ஒருநாள் சர்வீஸ்காரர் வந்து சுவர் கேபினெட்டைத் திறந்தா டிடர்ஜென்ட் டப்பா அடி வரைக்கும் காஞ்சு கிடக்கு, உறிஞ்சற குழாயோட முனை காத்துல நிக்குது. எத்தனை வாரமா வெறும் தண்ணி ஓடிச்சுன்னு யாருக்கும் தெரியல. அவர் ஹூட் கதவைத் திறந்து என் விரலைப் பிடிச்சு உள்சுவர்ல வச்சு இழுக்கச் சொன்னார், விரல் வழுக்கிட்டே போச்சு, எடுத்துப் பார்த்தா பழுப்பு நிறத்துல வெண்ணெய் மாதிரி ஒரு பொட்டு. அன்னைக்குக் கத்துக்கிட்டது இதுதான்: வாரத்துல ஒருநாள் காலையில, எல்லாம் ஆறியிருக்கும்போது, கதவைத் திறந்து விரலால தடவிப் பாருங்க. விரல் வழுக்காம உரசிட்டுப் போனா சரி. வழுக்கினா டிடர்ஜென்ட் தீர்ந்திருக்கலாம், தண்ணி போதுமான சூடா வராம இருக்கலாம், இல்ல உப்புத் தண்ணியால நாசில் ஓட்டை அடைச்சிருக்கலாம். கேபினெட்ல தண்ணி அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் முள் காட்டற மீட்டர் இருந்தா வாஷ் ஓடும்போதே அதையும் ஒரு பார்வை பாருங்க, ஆறின தண்ணியில கிரீஸ் கரையாது, பாத்திரம் தேய்க்கற யாருக்கும் இது தெரிஞ்ச விஷயம்தான்.

தானே கழுவிக்கும்ங்கற பேரே ஒரு விதத்துல ஆளை ஏமாத்திடும். அது கழுவறது நாசில் எட்டற அந்த அறையை மட்டும். மேல போற டக்ட், கூரை ஃபேன் எதையும் அது தொடாது, அதை ஆள் வந்து சுரண்டித்தான் எடுக்கணும். சில ஹூட்ல ஃபில்டருக்குப் பின்னாடி புற ஊதா விளக்கு வச்சு கிரீஸை உடைக்கறாங்க, சிலதுல சமைக்கும்போதே குளிர்ந்த தண்ணியை மெல்லிசா தூவிட்டே இருப்பாங்க, எதுவா இருந்தாலும் டக்டை ஆள் பார்த்தே ஆகணும். எவ்ளோ நாளைக்கு ஒருதடவை? பல நாட்டுல பின்பத்தற அமெரிக்கத் தரம் என்.எஃப்.பி.ஏ. 96 இதுக்குக் கணக்கு வச்சிருக்கு. விறகு, கரி மாதிரி திட எரிபொருள்ல சமைக்கற இடம்னா மாசம் ஒருதடவை பார்க்கணும், 24 மணி நேரமும் ஓடற கிச்சன், தீயில நேரா வாட்டறது, வோக் சமையல் இதுக்கெல்லாம் 3 மாசம், சுமாரா ஓடற இடத்துக்கு 6 மாசம், எப்பவாவது சமைக்கற இடத்துக்கு வருஷம் ஒருதடவை. பார்க்கும்போது சீப்பு மாதிரி பல் வச்ச ஒரு சின்ன அளவுகோலை டக்ட் சுவர்ல இழுப்பாங்க, கிரீஸ் 2 மில்லிமீட்டர் தடிமன் வந்துடுச்சுன்னா சுத்தம் பண்ணியே ஆகணும். 2 மில்லிமீட்டர்னா கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா டக்டோட நாலு சுவரும் மேல வரைக்கும் அதே தடிமன்ல எண்ணெய் பூசியிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, இனி தீ. எண்ணெய்த் தீ ஏன் மத்த தீ மாதிரி இல்லங்கறதைப் புரிஞ்சுக்கிட்டா அணைக்கற சிஸ்டம் ஏன் அப்படி இருக்குன்னு தானா புரியும். பொரிக்கும்போது எண்ணெய் 180 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் கோளாறாகி சூடு ஏறிட்டே போச்சுன்னா மொதல்ல புகையும், கிட்டத்தட்ட 360 டிகிரி தாண்டினா தீக்குச்சியே வேண்டாம், தானாவே பத்திக்கும். இதுல மேல தெரியற தீயை ஒரு நொடி அடக்கினா பிரயோஜனம் இல்ல, அடியில எண்ணெய் இன்னும் அந்தச் சூட்டுலயே இருக்கு, காத்து பட்ட உடனே மறுபடி பத்திக்கும். தண்ணி ஊத்தினா இன்னும் மோசம். தண்ணி எண்ணெய்யை விடக் கனம், அடிக்குப் போய் நொடியில ஆவியாகி கிட்டத்தட்ட 1700 மடங்கு விரியும், விரியும்போது எரியற எண்ணெய்யைத் தூக்கி எறியும். கூரை வரைக்கும் ஒரு நெருப்புப் பந்து. மேல ஃபிரையரை மூடுங்க, ஆறவிடுங்கன்னு சொன்னது இதுக்காகத்தான்.

அதுக்கு என்ன வழி பண்ணாங்கன்னா, பொட்டாசியம் உப்பு கலந்த ஒரு காரத் (ஆல்கலி) திரவத்தை மெல்லிய தூறலா எண்ணெய் மேல தூவறாங்க. காரமும் சூடான கொழுப்பும் சேர்ந்தா என்ன ஆகும்? சோப்பு. நிஜமாவே சோப்பு, சோப்பு தயாரிக்கறதும் இதே வினைதான். எரியற எண்ணெய்யோட மேல்பரப்பே சோப்பு நுரையா மாறி ஒரு போர்வை மாதிரி மூடிக்கும், காத்து உள்ள போகாது, எண்ணெய் ஆவி வெளிய வராது, தூறல்ல இருக்கற தண்ணி சூட்டையும் இறக்கும். எனக்கு இது தெரிஞ்சப்போ ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு, ராத்திரி கழுவும்போது வேலை செய்யறதும் சோப்பு, தீ பிடிச்சா வேலை செய்யறதும் சோப்பு, ஒண்ணு நாம ஊத்தறது, இன்னொண்ணு அந்த எண்ணெய்யில இருந்தே உருவாகறது. முன்னாடி எல்லாம் உலர்ந்த பொடி தூவற சிஸ்டம் இருந்துச்சு, மிருகக் கொழுப்புக்கு அது ஓரளவு சமாளிச்சது, அப்புறம் கிச்சன்லாம் தாவர எண்ணெய்க்கு மாறினாங்க, ஃபிரையரும் சூட்டை நல்லாப் பிடிச்சு வைக்கற மாதிரி வந்துச்சு, பொடியால அந்தச் சூட்டை இறக்க முடியல. அதனாலதான் 1994 நவம்பர்ல யூ.எல். 300ன்னு ஒரு கடுமையான சோதனைத் தரம் அமலுக்கு வந்துச்சு. இந்தத் திரவத்தை நிரப்பி வச்சிருக்கற உங்க ஹூட் சிலிண்டர்ல அந்தப் பேர் இருக்கான்னு பார்க்கலாம்.

தீயை யார் கண்டுபிடிக்கறா? பழைய, இன்னைக்கும் நம்பகமான வழி ஃப்யூசிபிள் லிங்க். கட்டைவிரல் அளவுல ரெண்டு சின்னத் தகடு, நடுவுல குறிப்பிட்ட சூட்டுல உருகற ஒரு உலோகப் பற்று, அவ்ளோதான் அது. ஹூட்டுக்குள்ள முறுக்கா இழுத்துக் கட்டின ஒரு கம்பி வரிசையில இதைக் கோத்து வச்சிருப்பாங்க. தீயோட சூடு பட்டா பற்று உருகும், ரெண்டு தகடும் பிரியும், கம்பி தளரும், கம்பி தளர்ந்த உடனே ஸ்பிரிங் விடுபட்டு சிலிண்டர் திறந்துக்கும். கரண்ட் போனாலும் இது வேலை செய்யும், அதுதான் இதோட அழகு. ஆனா இது மேலயும் பிசுக்கு படியும், படிஞ்சா சூடு உள்ள போகத் தாமதமாகும், உலோகமும் நாளாக நாளாகத் தளரும், அதனால 6 மாசத்துக்கு ஒருதடவை புதுசு மாத்தணும், துடைச்சு அதையே மாட்டறது கூடாது. புது ஹூட்ல மின் சென்சார் இருக்கலாம், அது இருந்தா பேனல்ல அதோட கோளாறு விளக்குன்னு தனியா ஒண்ணு இருக்கும், அது எரிஞ்சா அன்னைக்கே சர்வீஸைக் கூப்பிடுங்க.

லிங்க் உருகற வரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டியதில்ல. அதுக்குத்தான் அந்தச் சிவப்புக் கைப்பிடி. அடுப்புல இருந்து 3 முதல் 6 மீட்டர் தள்ளி, வெளிய ஓடற வழியில வச்சிருப்பாங்க, தீக்குப் பக்கத்துல வச்சா யாராலயும் கிட்டப் போகமுடியாதே. பின் இருந்தா பின்னை உருவி, வளையத்தைப் பிடிச்சு பலமா இழுக்கணும், பாதி இழுத்து விட்டா சிலதுல வேலை செய்யாது, அழுத்தற பட்டன் மாடலும் உண்டு. எதையாவது ஆஃப் பண்ணிட்டு வந்து இழுக்கலாம்னு யோசிக்காதீங்க, இழுத்தா மிச்சம் தானா நடக்கும்: ஹூட்டுக்கு அடியில இருக்கற அடுப்புங்களுக்கு கேஸும் கரண்டும் நிக்கும், வாஷ் நாசில் இல்லாம தீக்குன்னே தனியா இருக்கற நாசிலோட மூடிங்க தெறிச்சு விழுந்து திரவம் தூவும், ஹூட்டுக்குள்ள வெளிக்காத்து விடற ஃபேன் நிக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் பெரும்பாலும் ஓடிட்டே இருக்கும். இதுதான் எல்லாரும் தப்புப் பண்ற இடம். தீ எரியுது, ஃபேன் காத்தை இழுக்குது, நிறுத்திடுவோம்னு கை தானா ஃபேன் பட்டனுக்குப் போகும். நிறுத்தாதீங்க. அந்தத் திரவத்தை மேல ஃபில்டர் பின்னாடியும் டக்டுக்குள்ளயும் இழுத்துட்டுப் போறது ஃபேன் தான், புகை கிச்சனுக்குள்ள இறங்காம வச்சிருக்கறதும் அதுதான். சில மாடல்ல, முக்கியமா தண்ணியால கழுவற ஹூட்ல, தீ வந்தா டேம்பரை, அதாவது டக்டை அடைக்கற தகடுக் கதவை மூடி ஃபேனை நிறுத்தி உள்ள தண்ணி அடிக்கற மாதிரி தனி ஏற்பாடு இருக்கும், அப்படி வடிவமைச்சதுன்னா அதை சிஸ்டமே பண்ணிக்கும். ரெண்டுலயும் உங்க கை பேனல்ல இருக்கவேண்டிய அவசியமே இல்ல. இழுங்க, எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க, தீயணைப்புத் துறைக்கு ஃபோன் பண்ணுங்க. கிச்சன்ல கே வகுப்புன்னு எழுதின அணைப்பான் இருக்கும், ஐரோப்பாவுல அதை எஃப் வகுப்புன்னு சொல்வாங்க, அதுலயும் இதே மாதிரி சோப்பாக்கற திரவம்தான், ஆனா சிஸ்டத்தை இழுத்த பிறகுதான் அதை எடுக்கணும், முன்னாடி இல்ல.

எல்லாம் அடங்கினதும் ரீசெட் அமுக்கி சமைக்க ஆரம்பிக்கலாமான்னா, கூடவே கூடாது. சிலிண்டர் காலியா இருக்கு, அடுத்த தீக்கு ஒண்ணும் மிச்சமில்ல. திரவம் பட்ட சாப்பாட்டுப் பொருளைத் தூக்கிப் போடணும், ஸ்டீல் மேல விட்டா அரிக்கும், அதனால சீக்கிரமே சுடுதண்ணி விட்டு நல்லாக் கழுவணும், சர்வீஸ் ஆள் வந்து சிலிண்டர் நிரப்பி லிங்க், நாசில் மூடி எல்லாம் மாத்தி சரின்னு சொன்ன பிறகுதான் கேஸ் வால்வை ரீசெட் பண்ணணும். கேஸ் ரீசெட்டைக் கையால பண்றமாதிரி வச்சிருக்கறதுக்குக் காரணம் இருக்கு, அடுப்பைப் பத்தவைக்க எப்பவும் எரியற பைலட்ங்கற சின்னத் தீ எல்லாம் அணைஞ்சிருக்கும், தானா கேஸ் வந்தா எரியாம கிச்சன் முழுக்கப் பரவிடும்.

தினமும் பார்க்கவேண்டியது அதிகமில்ல, கண்ணை மேல தூக்கினா போதும். நாசில் எல்லாத்துக்கும் மூடி இருக்கா, மூடி இல்லன்னா கிரீஸ் உள்ள போய் அடைச்சுக்கும். ஃபிரையர் இருந்த இடத்துலயே இருக்கா, இதை ரொம்ப பேர் கவனிக்கறதில்ல, ஒவ்வொரு நாசிலும் கீழ இருக்கற ஒரு குறிப்பிட்ட அடுப்பைக் குறிவச்சு மாட்டினது, பின்னாடி தரை துடைக்க ஃபிரையரை இழுத்துட்டு ஒரு சாண் தள்ளி நிறுத்தினா தூறல் பக்கத்துத் தரையில விழும், அதுக்குத்தான் சக்கரத்துக்கு தரையில தடை வச்சிருக்கறது. அழுத்த மீட்டர் இருக்கற சிலிண்டர்னா முள் பச்சையில நிக்குதா, சிவப்புக் கைப்பிடியோட சீல் உடையாம இருக்கா, அதுக்கு முன்னாடி யாராவது அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருக்காங்களா, ஃபில்டர் ஒண்ணாவது கழட்டி வச்சு மாட்டாம விட்டிருக்கா. ஃபில்டர் ஒண்ணு இல்லன்னா அந்த ஓட்டை வழியா தீநாக்கு நேரா மேல போயிடும், மாட்டும்போது மடிப்பு மேலயும் கீழயும் ஓடற மாதிரி நிறுத்துங்க, குறுக்க மாட்டினா கிரீஸ் வழியாம தேங்கிடும்.

இன்னொண்ணு, 6 மாசத்துக்கு ஒருதடவை தீயணைப்பு சிஸ்டத்தைச் சோதிக்க ஆள் வருவார், அன்னைக்கு உங்க ஷிப்ட் இல்லன்னாலும் கேட்டு வந்து கூட நில்லுங்க. அவர் மொதல்ல சிலிண்டர் திறக்காம பிரிச்சு வச்சுக்குவார், அப்புறம் கடைசி லிங்க்கைக் கட்டரால வெட்டுவார். டப்புனு ஒரு சத்தம், கம்பி தளரும், அடுத்த நொடி சுவத்துக்குப் பின்னாடி கேஸ் வால்வு விழற சத்தம் கேட்கும், கொஞ்சத்துல ஃபிரையருக்கு அடியில பைலட் நீலமா சுருங்கிச் சுருங்கி அணையும், தலைக்கு மேல எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் அப்படியே ஓடிட்டு இருக்கும். அவர் வெட்டின லிங்க்கை வாங்கிக் கையில வச்சுப் பாருங்க, அது மேல எவ்ளோ பிசுக்கு ஒட்டியிருக்குன்னு பார்த்தா அதை ஏன் 6 மாசத்துக்கு ஒருதடவை மாத்தச் சொல்றாங்கன்னு தெரிஞ்சுடும்.